முத்ரோஸில் கையெழுத்திட்டவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

துருக்கிக் குடியரசு பிறந்த கதையை எழுதியபோது ரவூப் ஓர்பாய் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன், குழப்பம்தான் மிச்சம். ஓர் இடத்தில் பால்கன் போரின் நாயகன் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் நாட்டை எதிரிக்கு எழுதிக்கொடுத்தவர் என்கிறார்கள். பிரதமராக இருந்திருக்கிறார், சதி வழக்கில் தண்டனையும் வாங்கியிருக்கிறார். இவ்வளவும் ஒரே ஆள்தானா? அவரை எந்தப் பக்கத்தில் வைப்பது? இன்னொன்று, அடுத்த ஆண்டு இஸ்தான்புல் போகலாம் என்றிருக்கிறேன். அவருடைய ஹமிதியே கப்பலைப் பார்க்க முடியுமா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே ஆள்தான். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். ஓர்பாய் என்பது 1934இல் குடும்பப்பெயர் சட்டம் வந்தபிறகு ஒட்டிக்கொண்டது, அதற்கு முன்னால் அவர் ரவூப் பே. நம் ஊர்களில் இருக்கும் அதே ரவூப்தான், 'பே' என்பது நம் 'ஐயா' மாதிரி பெயருக்குப் பின்னால் வரும் மரியாதை. 1881இல் இஸ்தான்புல்லில் பிறந்தார், அப்பாவும் கடற்படைத் தளபதி, வேறு தொழிலுக்குப் போகும் யோசனையே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் கப்பல் கதையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி அது. ஹமிதியே பெரிய கப்பல் ஒன்றும் இல்லை, நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் கம்பெனி கட்டிக்கொடுத்த நாலாயிரம் டன்னுக்கும் குறைவான குரூசர். பல்கேரியா, செர்பியா, கிரீஸ் எல்லாம் சேர்ந்து துருக்கியோடு மோதிய பால்கன் போர் நடந்துகொண்டிருந்தது. 1912 நவம்பரில் பல்கேரியாவின் வர்னா துறைமுகத்துக்கு அப்பால் இருட்டில் பல்கேரியர்களின் சின்ன டார்பிடோ படகுகள் வந்து சூழ்ந்தன, ஒன்று அடித்த அடியில் கப்பலின் முன்பக்கம் பிளந்துவிட்டது. மூக்கு தண்ணீரில் அமிழ்ந்தபடியே அதை மெதுவாக ஓட்டிக்கொண்டு இஸ்தான்புல் வந்து சேர்ந்தார் ரவூப். பழுது பார்த்தார்கள். இரண்டே மாதத்தில், 1913 ஜனவரியில், கிரேக்கர்கள் டார்டனெல்ஸ் நீரிணையின் வாசலை அடைத்து நின்றிருந்தபோது, இரவோடு இரவாக அதே கப்பலில் நழுவி வெளியே போய்விட்டார்.

எதற்கு? கிரேக்கர்களிடம் அவெரோஃப் என்ற கவசக் கப்பல் இருந்தது, வேகத்திலும் பீரங்கியிலும் துருக்கியரிடம் அதற்கு ஈடு கிடையாது. ஹமிதியே கடலில் கலாட்டா செய்தால் அவெரோஃப் அதைத் துரத்திக்கொண்டு போகும், அந்த நேரத்தில் மற்ற துருக்கிக் கப்பல்கள் முற்றுகையை உடைக்கலாம் என்பது கணக்கு. ரவூப் தன் பங்கைச் சரியாகச் செய்தார். சீரோஸ் தீவில் நின்றிருந்த மாகெதோனியா என்ற கிரேக்கக் கப்பலைச் சுட்டார், அதன் மாலுமிகளே அதைத் துறைமுகத்தில் அமிழ்த்திவிட்டார்கள். துரத்திப் போ என்று ஏதென்ஸிலிருந்து உத்தரவு பறந்தது. கிரேக்க அட்மிரல் கூந்தூரியோதிஸ் மறுத்துவிட்டார், இது தூண்டில் என்று புரிந்துகொண்டு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஜனவரி 18 அன்று லெம்னோஸ் அருகே நடந்த சண்டையில் துருக்கிக் கடற்படை அடி வாங்கித் திரும்பியது. ஆக, திட்டம் தோல்வி.

ஆனால் ரவூப் திரும்பவில்லை. சூயஸைத் தாண்டிச் செங்கடல், மறுபடி மத்தியதரைக் கடல், மார்ச்சில் அல்பேனியக் கரையில் செர்பியப் படைகளை ஏற்றி வந்த கிரேக்கக் கப்பல்கள் மீது தாக்குதல், மறுபடி செங்கடல் என்று மாதக்கணக்கில் தனியாகச் சுற்றினார். நடுநிலைத் துறைமுகத்தில் போர்க்கப்பல் ஒரு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, கரி போடுவதற்கும் ஆயிரம் நிபந்தனை. நம் சென்னையில் எம்டன் குண்டு போட்ட கதைக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூத்த கதை இது. தரையில் ஒவ்வொரு ஊராகப் பறிபோய்க்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில் துருக்கியருக்குப் பத்திரிகையில் படிக்கக் கிடைத்த நல்ல செய்தி அநேகமாக அது ஒன்றுதான். 'ஹமிதியே நாயகன்' என்ற பட்டம் அப்படி வந்தது.

அடுத்த ஆண்டு அவரை நியூகாசிலுக்கு அனுப்பினார்கள், சுல்தான் ஒஸ்மான் என்ற புதிய போர்க்கப்பலைப் பொறுப்பேற்க. 14 பன்னிரண்டு அங்குல பீரங்கிகள். முதலில் பிரேசிலுக்காகக் கட்டியது, துருக்கி வாங்கிவிட்டது, பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டியிருந்தார்கள். பணம் கட்டியாயிற்று, ஓட்டிப் போக மாலுமிகளும் வந்து டைன் ஆற்றில் காத்திருக்கிறார்கள். 1914 ஆகஸ்ட் பிறந்த கையோடு பிரிட்டன் கப்பலைத் தானே எடுத்துக்கொண்டது. எடுத்தவர் கடற்படை அமைச்சர் சர்ச்சில். (ஜெர்மனியோடு துருக்கி ரகசிய ஒப்பந்தம் போட்டதும் அதே நாட்களில்தான், அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.) ரவூப் கையை வீசிக்கொண்டு ஊர் திரும்பினார்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனிதருக்குப் பிரிட்டிஷ் கடற்படை மேல் மதிப்பு குறையவில்லை, உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1918 அக்டோபரில் அவர் கடற்படை அமைச்சர். போர் தோற்றுவிட்டது. லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகத்தில், அகமெம்னன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், அட்மிரல் கால்தோர்ப்போடு பேச்சு. ஐந்தாண்டுகளுக்கு முன் தூண்டில் பலிக்காமல்போன அதே லெம்னோஸ் கடல். கால்தோர்ப் பிரெஞ்சு அட்மிரலைப் பேச்சில் சேர்க்கவே இல்லை, மரியாதையாக நடந்துகொண்டார், ரவூப்பும் இரண்டு கடற்படைக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் என்றே அதை எடுத்துக்கொண்டார். ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, தங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தால் எந்த முக்கிய இடத்தையும் நேச நாடுகள் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது. எந்த வக்கீலிடம் காட்டியிருந்தாலும் பேனாவைப் பிடுங்கியிருப்பார். அப்படியெல்லாம் செய்யமாட்டோம் என்ற தொனியில் கால்தோர்ப் வாய்வார்த்தையும் தனிப்பட்ட கடிதம் ஒன்றும் கொடுத்தார், ரவூப் அதை நம்பி அக்டோபர் 30 அன்று கையெழுத்துப் போட்டார். ஊர் வந்து பத்திரிகைக்காரர்களிடம் திருப்தியாகவே பேசினார்.

நவம்பர் 13 அன்று நேச நாடுகளின் கப்பல்கள் வரிசையாக வந்து இஸ்தான்புல் முன்னால் நங்கூரம் பாய்ச்சின. அவெரோஃபும் வந்தது. அன்று தூண்டிலுக்கு அசையாத கப்பல் இப்போது அழைக்காமலே வீட்டு வாசலில் நிற்கிறது. 1919 மே மாதம் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது.

கால்தோர்ப் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, தன் கையில் இல்லாததைக் கொடுத்தார், அவ்வளவுதான். துரோகி என்பவர்கள் ரவூப் அடுத்து செய்ததையும் பார்க்க வேண்டும். கடற்படையிலிருந்து விலகி அனதோலியாவுக்குப் போய், அங்கே எதிர்ப்பு இயக்கம் திரட்டிக்கொண்டிருந்த முஸ்தபா கெமாலோடு (பின்னாளில் அதாதுர்க்) சேர்ந்தார். அந்த இயக்கத்தின் அமாஸ்யா அறிக்கையில் அவர் கையெழுத்து இருக்கிறது, அது கூட்டிய எர்சுரும், சிவாஸ் மாநாடுகளில் முன்வரிசையில் இருந்தார். பிறகு இஸ்தான்புல் நாடாளுமன்றத்துக்குப் போனார், 1920 மார்ச் 16 அன்று நகரத்தைப் பிடித்த பிரிட்டிஷார் அவரைக் கைது செய்து மால்டாவுக்குக் கொண்டுபோனார்கள். கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தது 1921இல்.

1922 ஜூலையில், கெமால் தரப்பு அங்காராவில் நடத்திய அரசில் அமைச்சரவைத் தலைவர், அதாவது பிரதமர். அந்தக் காலத்து உரையாடல் ஒன்றை முஸ்தபா கெமால் 1927இல் ஆறு நாள் நிகழ்த்திய நீண்ட உரையில் சொல்கிறார். சுல்தானைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். என் அப்பா சுல்தானின் சோற்றில் வளர்ந்தவர், அது என் ரத்தத்திலும் இருக்கிறது, நன்றி கெட்டவனாக முடியாது என்ற பொருளில் ரவூப் பதில் சொன்னாராம். கெமால் இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது அப்படிக் காதில் விழுவதில்லை. அதே ரவூப் நவம்பரில் சுல்தான் ஆட்சியை ஒழிக்கும் முடிவுக்குச் சபையில் துணைநின்றார் என்பதையும், இந்த உரையாடலை நாம் ஜெயித்தவர் வாயிலிருந்துதான் கேட்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது.

அப்புறம் லோசான், போரை முடிக்கும் சமாதான ஒப்பந்தம் பேசப்பட்ட சுவிட்சர்லாந்து நகரம். அங்கே துருக்கி சார்பில் பேச்சு நடத்திய கெமாலின் தளபதி இஸ்மெத்துக்கும் அங்காராவில் இருந்த ரவூப்புக்கும் தந்தியிலேயே சண்டை. கையெழுத்திட அனுமதி கேட்டு இஸ்மெத் காத்திருக்க, கடைசியில் கெமால்தான் அனுமதி கொடுத்தார். இஸ்மெத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாது என்று சொல்லி, அவர் ஊர் திரும்புவதற்குள் 1923 ஆகஸ்டில் ரவூப் பதவி விலகினார். சின்னப்பிள்ளைத்தனம்தான், சந்தேகமில்லை. குடியரசு அறிவிப்பு வந்தபோது இஸ்தான்புல்லில் இருந்தார், இவ்வளவு அவசரம் எதற்கு என்று பத்திரிகையில் கேட்டார். 1924இல் காஸிம் கராபெகிர், அலி ஃபுவாத் போன்ற பழைய தோழர்களோடு எதிர்க்கட்சி ஆரம்பித்தார், அடுத்த ஜூனிலேயே மூடிவிட்டார்கள். 1926இல் இஸ்மிரில் கெமாலைக் கொல்லச் சதி என்று வழக்கு. ரவூப் வெளிநாட்டில் இருந்தார், ஆள் இல்லாமலே பத்தாண்டு தண்டனை.

அலைந்த ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1933இல் டெல்லி ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவுகள். அழைத்த டாக்டர் அன்சாரி, ரவூப் ஹமிதியேயில் சுற்றிக்கொண்டிருந்த அதே பால்கன் போரில் காயம்பட்ட துருக்கியருக்கு வைத்தியம் பார்க்க இங்கிருந்து மருத்துவக் குழு கூட்டிப்போனவர். 1927 சென்னைக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

பொதுமன்னிப்புக்குப் பிறகு 1935இல் நாடு திரும்பினார். கெமால் மறைந்து இஸ்மெத் ஜனாதிபதி ஆனதும், முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்ன அதே ரவூப்பை 1942இல் லண்டனுக்குத் தூதராக அனுப்பினார். அங்கே பிரதமர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பலைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

எந்தப் பக்கத்தில் வைப்பது என்று கேட்டீர்கள். நான் அவரை வாய்ச்சொல்லை நம்பியவர்கள் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு நாடு கொடுத்த விலை அதிகம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஹமிதியேயைப் பார்க்க முடியாது. கொஞ்சகாலம் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். ரவூப் 1964 ஜூலையில் இறந்தார், அந்தச் செப்டம்பரில் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். இந்தக் கதையில் வரும் கப்பல் ஒன்றையாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் இஸ்தான்புல்லோடு நிறுத்தாமல் ஏதென்ஸுக்கும் டிக்கெட் போடுங்கள். நகரத்தை ஒட்டிய ஃபாலிரோ கடற்கரையில் அவெரோஃப் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.