மூலையில் ஏன் டூல் உடைகிறது? கேம் (CAM) புரோகிராமிங் கேள்வி-பதில்

கேள்வி: மைல்டு ஸ்டீல் பிளாக்கில் 10 மி.மீ. விட்டமுள்ள, நான்கு ஃப்ளூட் (வெட்டும் பல்) கார்பைடு என்ட் மில் (சுழன்று வெட்டும் டூல்) கொண்டு செவ்வகப் பாக்கெட் (குழிவு) எடுக்கிறோம். நேர்ப்பகுதியில் அமைதியாக ஓடும் டூல் மூலைக்கு வந்ததும் அலறுகிறது. சில நேரம் உடைந்தும் விடுகிறது. ஃபீடை (டூல் முன்னேறும் வேகத்தை) பாதியாகக் குறைத்தும் பலனில்லை. டூல் செல்லும் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளில் எதை மாற்ற வேண்டும்?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: நீங்கள் மாற்ற வேண்டியது ஃபீடை அல்ல, டூல்பாத்தின் வகையை. பாக்கெட்டின் வடிவத்தையே உள்நோக்கிச் சுருக்கிச் சுருக்கி வரையும் பழைய ஆஃப்செட் முறையில், ஸ்டெப் ஓவர் (அடுத்தடுத்த பாதைகளின் இடைவெளி) 5 மி.மீ. என்று வைத்தால், நேர்ப்பகுதியில் டூலின் சுற்றளவில் 90 டிகிரி அளவுக்கே உலோகத்தில் பதிந்திருக்கும். அதே டூல் சதுர மூலைக்குள் நுழையும்போது முன்னால் இருக்கும் சுவரும் சேர்ந்துகொள்வதால், அந்தப் பதிவு ஒரு கணம் 180 டிகிரி வரை உயர்கிறது. திரையில் பாதை முழுவதும் ஒரே நிறக் கோடாகத்தான் தெரியும். மூலையில் சுமை இரட்டிப்பாவதை அந்தக் கோடு காட்டாது. ஃபீடைப் பாதியாக்கினால் மூலையில் கொஞ்சம் தணியலாம். ஆனால் மற்ற இடங்களிலெல்லாம் சீவல் மெலிந்து, டூல் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கும். கார்பைடின் முனையை அந்தத் தேய்ப்பு விரைவில் மழுக்கிவிடும்.

கேம் மென்பொருள்களில், ஃபியூஷனில் அடாப்டிவ் கிளியரிங், மாஸ்டர்கேமில் டைனமிக் மில்லிங், சாலிட்கேமில் ஐமெஷினிங் என்று வெவ்வேறு பெயர்களில் இருப்பவை எல்லாம் இந்தப் பதிவு கோணத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும் முறைகளே. அவற்றில் பக்கவாட்டு வெட்டை 1 மி.மீ. ஆகவும், ஆழத்தை ஃப்ளூட் நீளம் அனுமதித்தால் 20 மி.மீ. ஆகவும் வையுங்கள். அப்போது பதிவு 37 டிகிரிதான். மூலையிலும் பெரிதாக ஏறாது. தேய்மானமும் நுனியில் மட்டும் குவியாமல் ஃப்ளூட்டின் முழு நீளத்திலும் பரவும்.

இங்கே பலரும் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. வெட்டுவேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர் என்று கொண்டால் 10 மி.மீ. டூலுக்குச் சுமார் 3,820 ஆர்.பி.எம். வரும். ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீடு நிமிடத்துக்குச் சுமார் 760 மி.மீ. ஆனால் பக்கவாட்டு வெட்டு விட்டத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, சீவலின் உண்மையான அதிகபட்சத் தடிமன் நீங்கள் கொடுத்த ஃபீடில் அறுபது சதவீதமே இருக்கும். அதாவது 0.05 கொடுத்தால் கிடைப்பது 0.03. எனவே பல்லுக்கான ஃபீடை 0.083 ஆக உயர்த்தினால்தான் முன்பிருந்த அதே தடிமன் கிடைக்கும்; ஃபீடு அப்போது 1,270-ஐ நெருங்கும். பழைய முறையில் 5 மி.மீ. ஸ்டெப் ஓவரும் 4 மி.மீ. ஆழமும் வைத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 கன செ.மீ. உலோகத்தை எடுத்த இடத்தில், இப்போது 25 கன செ.மீ. எடுக்கலாம், அதுவும் டூலை அலறவிடாமல். ஆனால் 20 மி.மீ. ஆழம் வெட்ட ஜாப் (வெட்டப்படும் பாகம்) வைஸில் (பிடிப்பானில்) உறுதியாகப் பிடிபட்டிருக்க வேண்டும். டூல் கோலெட்டிலிருந்து (டூலைப் பிடிக்கும் வளையத்திலிருந்து) தேவைக்கு மேல் ஒரு மி.மீ.கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும்.

டூல் உள்ளே இறங்குவதற்கு நேர்க்குத்தாகக் குத்தும் முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு, மூன்று டிகிரிச் சரிவில் ஹெலிக்ஸாக (திருகுசுருளாக) இறக்குங்கள். ஹெலிக்ஸில் டூல் மையம் செல்லும் வட்டத்தின் விட்டம் டூலின் விட்டத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். இல்லையெனில் நடுவில் வெட்டப்படாத தூண் ஒன்று நின்றுவிடும்.

ஃபினிஷிங்குக்கும் (கடைசி மெல்லிய வெட்டுக்கும்) ஒரு சொல். வரைபடத்தில் மூலை ஆரம் 5 மி.மீ. என்றிருக்க, அதே 10 மி.மீ. டூலால் ஃபினிஷ் செய்தால், டூல் மூலைக்குள் சென்று ஒரு கணம் நின்று திரும்பும். சுவரில் அதிர்வுக் கோடுகள் விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். 8 மி.மீ. டூல் என்றால் மையம் 1 மி.மீ. ஆரத்தில் வளைந்து நிற்காமல் கடக்கும். வரைபடம் தருபவரிடம் பேசும் வாய்ப்பு இருந்தால், மூலை ஆரத்தை 5.5 அல்லது 6 மி.மீ. ஆக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான பாகங்களில் அந்த அரை மில்லிமீட்டரால் யாருக்கும் இழப்பில்லை.

கேள்வி: மோல்டு ஃபினிஷிங்கில் 6 மி.மீ. பால் நோஸுக்கு (அரைக்கோள நுனி டூலுக்கு) 0.1 மி.மீ. ஸ்டெப் ஓவர் கொடுக்கிறேன். இரவு முழுவதும் மெஷின் ஓடியும் அடிப்பகுதி மங்கலாகவும் கோடுகளாகவும் இருக்கிறது. இன்னும் குறைக்க வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர், சென்னை

பதில்: குறைக்க வேண்டாம்; கூட்டுங்கள். இரண்டு பாஸ்களுக்கிடையே (டூல் ஓட்டங்களுக்கிடையே) எஞ்சும் முகட்டின் உயரத்தை அறிய, ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை டூல் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். உங்கள் டூலுக்கு 0.1-இல் அது 0.4 மைக்ரான், 0.2-இல் 1.7 மைக்ரான். பாலிஷ் செய்யப்போகும் மோல்டுக்கு 1.7 மைக்ரான் ஒரு பொருட்டல்ல. மெஷின் நேரமோ பாதியாகிவிடும்.

உங்கள் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பால் நோஸின் நடுமுனையில் வெட்டுவேகம் பூஜ்யம். தட்டையான அடிப்பகுதியில் 0.1 மி.மீ. ஆழம் வெட்டும்போது வேலை செய்யும் விட்டம் 6 மி.மீ. அல்ல, சுமார் 1.5 மி.மீ. தான். 8,000 ஆர்.பி.எம். வைத்து 150 மீட்டர் வேகம் கிடைப்பதாக நீங்கள் நினைக்கும் வேளையில், அதிகபட்சம் 39 மீட்டர்தான் கிடைக்கிறது. நுனி உலோகத்தை வெட்டாமல் நசுக்கிச் செல்கிறது. மங்கலுக்குக் காரணம் அதுவே. மூன்று அச்சு மெஷினில் தட்டைப் பகுதிகளைத் தனியே பிரித்து புல் நோஸ் (தட்டையான அடியும் உருண்ட விளிம்பும் கொண்ட) டூலால் முடியுங்கள். செங்குத்துச் சுவர்களுக்கு இசட் லெவல் (ஒவ்வொரு உயரமாக இறங்கிச் சுற்றும்) பாஸும், சரிவு குறைந்த இடங்களுக்குப் பேரலல் (இணைகோடுகளாக ஓடும்) பாஸும் கொடுங்கள். ஃபினிஷிங்குக்கு முன்பு எல்லா இடத்திலும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை ஒரே சீராக மெட்டல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) விட்ட படிகளின் மேல் நேரடியாக ஓடும் பால் நோஸ், படிக்குப் படி வளைந்து அந்தத் தடத்தை அப்படியே மேற்பரப்பில் பதித்துவிடும்.

டாலரன்ஸ் (உண்மை வடிவத்திலிருந்து பாதை விலகக்கூடிய அளவு) 0.1 மி.மீ. என்றிருந்தால் வளைபரப்பு சிறு சிறு பட்டைகளாகத் தெரியும், ஃபினிஷிங்கில் 0.005 முதல் 0.01 வரை வைத்து, ஸ்மூத்திங்கை இயக்குங்கள். புரோகிராமின் வரிகள் பெருகி மெஷின் திணறினால், ஃபானக் கன்ட்ரோலரில் ஜி05.1 க்யூ1, சீமென்ஸ் கன்ட்ரோலரில் சைக்கிள்832 ஆகிய அதிவேகக் கட்டளைகள் உங்கள் கன்ட்ரோலரில் இருக்கின்றனவா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சிமுலேஷனில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் மெஷினில் டூல் கிளாம்பில் (பாகத்தை இறுக்கும் பிடியில்) இடித்துவிட்டது. எப்படி?
– வாசகர், ஓசூர்

பதில்: கேம் மென்பொருளின் வழக்கமான சிமுலேஷன், போஸ்ட் புராசஸருக்கு (பாதையை மெஷினின் மொழிக்கு மாற்றும் நிரலுக்கு) முந்தைய பாதையைத்தான் ஓட்டிக் காட்டுகிறது, மெஷின் படிப்பதோ போஸ்ட் எழுதிய ஜி கோடை. மேலும், கிளாம்பையும், டூலைப் பிடிக்கும் ஹோல்டரையும் நீங்கள் மாடலாகச் சேர்க்காவிட்டால் மென்பொருளுக்கு அவை இருப்பதே தெரியாது. இன்னொன்று, ஜி00 (வெட்டாமல் வேகமாக நகரும்) கட்டளையில் திரை நேர்க்கோட்டைக் காட்டினாலும், பல மெஷின்களில் ஒவ்வொரு அச்சும் தன் உச்ச வேகத்தில் தனித்தனியே ஓடுவதால், டூல் முதலில் சாய்வாகச் சென்று பிறகு மடங்கித் திரும்பும். அந்த மடக்கில் கிளாம்ப் நின்றால் இடிதான். எனவே எந்த நகர்வுக்கும் முன்பு இசட்டை மட்டும் தனியே மேலே எடுக்கும்படி வையுங்கள். டிரில்லிங்கில் துளைகளுக்கிடையே கிளாம்ப் இருந்தால், துளைக்குச் சற்று மேலே மட்டும் ஏறும் ஜி99 வேண்டாம். ஒவ்வொரு துளைக்குப் பின்னும் தொடக்க உயரத்துக்கு ஏறும் ஜி98 போடுங்கள். முதல் பீஸ் ஓட்டும்போது, டூல் மாறிய ஒவ்வொரு முறையும் ஜி43-இல் (டூல் நீளக் கட்டளையில்) உள்ள எச் எண்ணைச் சரிபார்த்து, ரேப்பிடை (வெட்டாத நகர்வின் வேகத்தை) குறைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக) இறக்குங்கள்.

கேள்வி: சுவரின் அளவு 0.02 மி.மீ. கூடுதலாக வருகிறது. ஒவ்வொரு முறையும் கேமுக்குத் திரும்பி புதிய புரோகிராம் எடுக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: தேவையில்லை. ஃபினிஷிங் காண்டூரில் (சுவரைச் சுற்றும் பாதையில்) காம்பன்சேஷனை (டூல் ஆரத் திருத்தத்தை) 'வியர்' (தேய்மானத் திருத்த) முறையில் வைத்தால், புரோகிராமில் ஜி41 என்ற திருத்தக் கட்டளையுடன் டி எண் ஒன்று வரும். சுவர் ஒரு பக்கத்துக்கு 0.02 மிகுதியென்றால், ஆபரேட்டர் அந்த டி எண்ணின் வியர் கட்டத்தில் மைனஸ் 0.02 கொடுத்தால் போதும். ஜி41 ஒரு நேர்க்கோட்டு நகர்வில்தான் தொடங்க வேண்டும். வில் மீது தொடங்கினால் கன்ட்ரோலர் அலாரம் கொடுத்து நின்றுவிடும். ஆகவே லீட்-இன்னில் (டூல் சுவரை அணுகும் பாதையில்) வில்லுக்கு முன்பாக ஒரு சிறு நேர்க்கோட்டைச் சேருங்கள். எந்த டூலுக்கு எந்த டி எண் என்பதை செட்டப் ஷீட்டில் எழுதி, இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் பார்க்கும்படி கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.