செக்காவ் படித்தவர்களும் முப்பத்தாறு ஜோடிக் கண்களும்

(கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர், வாசகர் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

இலக்கியம் படித்தால் பிறர் மனம் புரியும் என்று அறிவியலே நிரூபித்துவிட்டதாமே?
– ஆசிரியை, கும்பகோணம்

நிரூபித்துவிட்டது என்று 2013இல் பத்திரிகைகள் கொண்டாடின. டேவிட் கிட், எமானுவேலே காஸ்டானோ என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்து சோதனைகளை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சிலருக்கு ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் போன்றோரின் எழுத்து, சிலருக்கு வணிக நாவல் அல்லது கட்டுரை, சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு கண்கள் மட்டும் தெரியும் படங்களைக் காட்டி, இவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். இலக்கியம் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள்.

2016இல் வேறு ஆய்வுக் குழுக்கள் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் முன்பு வந்த 21 சோதனைகளை மறுபடி செய்து 2018இல் வெளியிட்டதில் 13 தேறின. தேறாத எட்டில் இதுவும் ஒன்று. அதே ஆண்டில் கதை வாசிப்பு பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்களுக்கோ ஒரு சிறு பலன் தென்பட்டது. அதாவது, இருக்கிறது, தேடித்தான் எடுக்க வேண்டும். ஒற்றை ஆய்வை வைத்துக்கொண்டு யாரும் சத்தியம் செய்யாதீர்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு இரக்கம் வர எந்த நாவல் வாங்கலாம்?

நான் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. அவனையே கடைக்கு அழைத்துப் போங்கள்.

என் மாமனார் நாற்பது ஆண்டுகளாக நாவல் படிக்கிறார். வீட்டில் ஒருவர் மனமும் அவருக்குப் புரிந்ததில்லை.

புரிந்திருக்கும் அம்மா. புரிவது வேறு, பொருட்படுத்துவது வேறு. ஏமாற்றுக்காரனுக்குத்தான் அடுத்தவர் மனம் அச்சாகப் புரியும்.

அந்தக் கண் சோதனை தமிழில் செய்ய முடியுமா?
– மாணவர், திருச்சி

36 படங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு சொற்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முறை வகுப்புக்காக நானே அரைகுறையாகத் தமிழாக்கினேன். ஒரு படத்துக்குக் கவலை, கலக்கம், சஞ்சலம், பதற்றம் என்று போட்டிருந்தேன். முன் வரிசை மாணவி ஒருத்தி படத்தைப் பார்க்கவே இல்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, கலக்கத்துக்கும் சஞ்சலத்துக்கும் என்ன வித்தியாசம்?" எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அன்று வகுப்பு அத்தோடு முடிந்தது.

அப்படியானால் அது மனதை அளக்கவில்லை, சொல்வளத்தை அளக்கிறது. நாவல் படிப்பவருக்குச் சொல் அதிகம் தெரியும், வெற்றி பெறுகிறார். இதில் மனம் எங்கே வந்தது?
– மொழிபெயர்ப்பாளர், சென்னை

இன்றைய கேள்விகளில் இதுதான் கேள்வி! சொல்வளம் கூடியவர்கள் அந்தச் சோதனையில் மேலே போவது உண்மைதான். ஆனால் நீங்கள் இதைக் குறையாகச் சொல்கிறீர்கள், நான் அப்படி நினைக்கவில்லை. 'கோபம்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பவனுக்கு மனைவியின் வருத்தம், மனத்தாங்கல், சலிப்பு எல்லாமே கோபம்தான். அவன் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வான். கதை தருவது இந்தப் பிரித்தறியும் சொற்களையாக இருக்கலாம். இதுவும் என் ஊகம்தான், சத்தியம் செய்யாதீர்கள்.

வள்ளுவர் அன்றே குறிப்பறிதல் பற்றிச் சொல்லிவிட்டாரே!

சொன்னார், 71, 110 என்று இரண்டு அதிகாரங்களில். நாவல் படித்தால் அது வரும் என்று சொல்லவில்லை.

இரக்கம் வளர எந்தப் புத்தகம்?

மேலே பாருங்கள்.

சினிமா போதாதா?

மேலே பார்த்தாலும் கிடைக்காது. என் துறையும் அல்ல.

மீண்டும் நான்தான், சென்னை மொழிபெயர்ப்பாளர். குளத்தில் எருமை இறங்கினால் வருவது கலக்கம், சற்று நேரத்தில் தெளிந்துவிடும். காற்றில் விளக்கு ஆடுவது சஞ்சலம், காற்று ஓயும்வரை நிற்காது. மாணவிக்குச் சொல்லிவிடுங்கள்.

அவள் படிப்பை முடித்துப் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பயன்பட்டது, நன்றி.