எங்கள் வீட்டில் குக்கி பார்ட்டி: முட்டை இல்லாமல் முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் டிசம்பரில் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்கொரு வகை குக்கி செய்துவந்து மாற்றிக்கொள்வார்கள். இந்த வருடம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. ஊரிலிருந்து மாமியாரும் வந்திருக்கிறார். நான் என்ன செய்வது? முறுக்கு கொடுத்தால் தப்பாகுமா? பேக்கிங் தெரியாத தோழியைக் கூப்பிடலாமா?
— ஒரு வாசகி, எடிசன்

பதில்: தைரியமாகக் கூப்பிடுங்கள் தோழி. இந்த விருந்தில் வீட்டுக்காரருக்குச் சமையல் வேலை குறைவு, அழைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால், எட்டுப் பேரும் சாக்லேட் சிப் குக்கியோடு வந்து நிற்பார்கள். மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வகையை முதலில் சொன்னவருக்கே அந்த வகை.

உங்களோடு சேர்த்து எட்டுப் பேர் போதும். ஒவ்வொரு வகையிலும் ஆளுக்கு ஆறு என்றால் ஒருவர் 48 சுட வேண்டும். அங்கேயே காபியோடு சாப்பிட இன்னொரு டஜன், ஆக 60. பன்னிரண்டு பேர் என்றால் இதே கணக்கு 84-க்குப் போய்விடும். வேலைக்குப் போய்வந்து இரவில் அவ்வளவு சுடுவது பெரும்பாடு. நாள், டிசம்பர் இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு மதியம். அதற்கு முந்தினால் கிறிஸ்துமஸ் வரை குக்கி தாங்காது, பிந்தினால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இனி முட்டை விஷயம். நீங்கள் நெய் பிஸ்கட் செய்யுங்கள். நம் ஊர் பேக்கரியில் வாங்கிச் சாப்பிட்ட அதேதான். அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் கொண்டுவர மாட்டார்கள், ஏலக்காய் மணமும் அவர்களுக்குப் புதிது. அரை கப் நெய்யையும் அரை கப் பொடித்த சர்க்கரையையும் வெளுத்து நுரைத்து வரும்வரை குழையுங்கள். நெய் உறைந்திருக்க வேண்டும், உருக்கியது கூடாது. டிசம்பர் குளிரில் அது தானாகவே உறைந்திருக்கும். ஒரு கப் மைதா, கால் கப் கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி ரவை, ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஏலப்பொடி சேர்த்து அழுத்தாமல் பிசையுங்கள். தண்ணீர் வேண்டாம். உருட்ட வராவிட்டால் ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கால் மணி நேரம். மேலே வெடிப்பு விட்டு, அடிப்பக்கம் மட்டும் பொன்னிறமானால் எடுத்துவிடுங்கள். சூட்டில் தொட்டால் பொலபொலவென்று உடையும். வேகவில்லையோ என்று பயந்து மறுபடி உள்ளே வைக்காதீர்கள், ஆறினால் இறுகிவிடும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய இருபது வரும், மூன்று தடவை செய்தால் கணக்கு சரி.

ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சீட்டு வையுங்கள், இதை மட்டும் விடவே கூடாது. குக்கியின் பெயர், சேர்ந்த பொருட்கள், செய்தவர் பெயர். அமெரிக்காவில் முக்கிய ஒவ்வாமைப் பொருட்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, அப்புறம் 2023 ஜனவரியில் சேர்ந்த எள். நெய் என்று மட்டும் எழுதினால் அவர்களில் பலருக்குப் புரியாது, பால் என்றும் எழுதுங்கள். நிலக்கடலை சேர்ந்த பீனட் பட்டர் குக்கி வந்தால் அந்தத் தட்டு தனியே, அதற்கென்று தனி இடுக்கி. ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டிய பிறகு வருந்திப் பயனில்லை. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சில பழைய குக்கி வகைகளில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். சீட்டு இருந்தால் நீங்களும் யாரையும் சங்கடப்படுத்தாமல் தெரிந்துகொள்ளலாம்.

முறுக்கை மாற்றிக்கொள்ளும் டப்பாவில் போடாதீர்கள். எல்லோரும் இனிப்புக் குக்கி எதிர்பார்த்து வருகிறார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் கட்டாயம் வையுங்கள். நாலு குக்கி தின்ற நாக்கு உப்பும் காரமும் தேடும், முதலில் காலியாவது அந்தத் தட்டுதான். எள் சேர்த்திருந்தால் அதற்கும் சீட்டு உண்டு. அதிரசம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

தோழியைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். கடை குக்கியை அவள் கொண்டுவந்தால், பாடுபட்டுச் சுட்டவர்கள் முகம் சுருங்கும். அதைவிட எல்லோருக்கும் சூடாக ஆப்பிள் சைடரோ இஞ்சி டீயோ அவள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். போகும்போது ருசி பார்க்கும் தட்டில் மிஞ்சியதை அவளுக்குக் கட்டிக் கொடுங்கள்.

எல்லோரையும் காலி டப்பா கொண்டுவரச் சொன்னாலும், மறந்து வருபவர்களுக்காக நாலைந்து வாங்கி வையுங்கள். மொறுமொறுப்பானதும் மெத்தென்றதும் ஒரே டப்பாவில் இருந்தால் காலையில் எல்லாம் நமத்திருக்கும். புதினா வாசமுள்ள குக்கி தனியே போகட்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பற்பசை மாதிரி மணக்கும்.

உங்கள் வீட்டுக்கு வரும் குக்கிகளில் பெரும்பாலானவற்றில் முட்டை இருக்கும். வெண்ணெய், சர்க்கரை, மாவு மட்டுமே சேரும் ஷார்ட்பிரெட்டை யாராவது ஒருவர் செய்ய முடியுமா என்று முன்பே கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். மாமியாருக்கு அதையும் உங்கள் நெய் பிஸ்கட்டையும் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். மாவு உருட்டும் அன்று அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அறுபது உருண்டைக்கு இன்னும் இரண்டு கை இருந்தால் நல்லதுதானே.