பிளேர்கௌரியில் தேனீ வளர்ப்பு: கூட்டம் பிரிவதும் பூக்காலமும் – கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்தின் பிளேர்கௌரிக்குத் தெற்கே, ஸ்ட்ராத்மோர் வயலோரம் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். மே கடைசியில் ராணி அறைகள் (புது ராணியை வளர்க்கத் தேனீக்கள் கட்டும் அறைகள்) தெரிகின்றன. கிள்ளிப் போட்டால் போதுமா அக்கா?

பதில்: போதாது. ஓர் அறை கண்ணில் படாமல் தப்பினாலே கூட்டம் கிளம்பிவிடும். எல்லாவற்றையும் கிள்ளினாலும் உடனே மறுபடி கட்டும். நாள் கணக்குதான் முக்கியம்: முட்டையிட்டு 8ஆம் நாள் ராணி அறை மூடப்படும், 16ஆம் நாள் புது ராணி வெளிவரும். முதல் அறை மூடியதும், வெயில் அடித்தால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு போய்விடும். மழையில் சில நாள் அடைந்து கிடந்தால், வெயில் வந்த முதல் நாளே கிளம்பும். அதனால் மே முதல் ஜூலை வரை 7 நாளுக்கு ஒருமுறை பெட்டிக்குள் அடை தொங்கும் சட்டங்களை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

ராணி அறையில் புழுவைக் கண்டால் கூட்டத்தை நீங்களே பிரித்துவிடுங்கள். பழைய பெட்டியை ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, அதே இடத்தில் புதுப் பெட்டி வையுங்கள். ராணி இருக்கும் சட்டத்தை, அதில் ராணி அறை ஒன்றுகூட இல்லை என்று பார்த்து, புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். மீதி இடத்தில், அடை கட்ட மெழுகுத் தாள் பொருத்திய சட்டங்கள். வெளியே பறக்கும் தேனீக்கள் பழைய இடத்துக்கே, ராணியிடமே வந்துவிடும். பழைய பெட்டியில் திறந்த அறை ஒன்றை மட்டும் விடுங்கள். வெள்ளைக் கூழில் புழு மிதப்பது தெரியவேண்டும். அந்தச் சட்டத்தின் தலையில் ஊசி குத்தி அடையாளம் வையுங்கள். 6 நாள் கழித்து, புதிதாகக் கட்டிய அறைகளை எடுத்துவிடுங்கள். அந்தச் சட்டத்தை மட்டும் உதறாதீர்கள், உள்ளிருக்கும் ராணி நசுங்கிவிடும். 7ஆம் நாள் பழைய பெட்டியை மறுபக்கம் மாற்றினால், அதற்குள் பறக்கப் பழகியவையும் ராணிப் பெட்டியில் சேர்ந்துவிடும். மறுபடி பிரிந்து போக ஆள் இருக்காது.

கேள்வி: ரேப் (மஞ்சள் பூப் பூக்கும் எண்ணெய்வித்துப் பயிர்) தேன் சட்டத்திலேயே கல்லாக உறைந்துவிட்டது. ஏன்?

பதில்: அதில் குளுக்கோஸ் அதிகம். பூ உதிரத் தொடங்கும்போதே எடுக்கவேண்டும். சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஓர் உதறு உதறுங்கள். துளி சிந்தவில்லை என்றால், மூடாத அறைகள் இருந்தாலும் எடுக்கலாம். உறைந்ததை மெழுகோடு வழித்து உருக்குவதுதான் வழி. ஆனால் முழுவதையும் உருவிவிடாதீர்கள். ரேப் முடிந்து ராஸ்பெர்ரிப் பூவும் க்ளோவர் பூவும் கைகொடுப்பதற்குள், ஜூன் மழையில் பெரிய கூட்டம் பட்டினியில் செத்துப்போகும். இரண்டு சட்டம் நிறையத் தேன் உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தில் ஒரு கூட்டம் தொங்குகிறது. எப்படிப் பிடிப்பது?

பதில்: அட்டைப் பெட்டியைக் கீழே பிடித்து, கிளையை வேகமாக ஒரே உலுக்கு உலுக்குங்கள். மெதுவாக ஆட்டினால் பாதி மேலேயே நிற்கும். வெள்ளைத் துணிமேல் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு விளிம்புக்குக் கல் கொடுங்கள். வாசலில் தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகடித்தால் ராணி உள்ளே இருக்கிறது. இருட்டும்வரை விட்டு, பிறகு கட்டி எடுத்துப் போங்கள்.

வெறும் மெழுகுத் தாள் சட்டத்தில் குடியேற்றுங்கள்; 48 மணி நேரம் சர்க்கரைப் பாகு வேண்டாம். வயிற்றில் கொண்டுவந்த தேன் அடை கட்டுவதிலேயே தீரட்டும், நோய்க்கிருமி சேமிப்பில் சேராது. 2009இல் பெர்த்ஷயரில் ஐரோப்பியப் புழு அழுகல் நோய் பரவிய பகுதி இது. புழு முறுக்கிக்கொண்டு மஞ்சளாக உருகினாற்போல் தெரிந்தால் அரசுத் தேனீ ஆய்வாளரிடம் சொல்வது சட்டக் கடமை. நோய் இல்லை என்று தெரியும்வரை பிடித்த கூட்டத்தை மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்கு ஆக்சாலிக் அமிலம் கொடுக்கவும், கூட்டத்தைக் குடியேற்றிய இந்த முதல் நாட்களே நல்ல நேரம்: மூடிய புழு இல்லாததால் உண்ணி ஒளிய இடமில்லை. ஒரு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கேள்வி: க்ளென்ஷீ மலைக்கு, ஹெதர் என்ற மலைப் புதர்ச்செடியின் பூவுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோகலாமா?

பதில்: தாராளமாக. இந்த வருட ராணி உள்ள, பெட்டி நிறைந்த கூட்டத்தை மட்டும் ஜூலை கடைசியில், இரவில், மேலே கம்பிவலை போட்டு ஏற்றுங்கள். ஹெதர் தேன் கூழ்போல் இறுகி நிற்கும், சுழற்றினால் வராது. பிழியவேண்டும், அல்லது அடையோடு வெட்டி விற்கவேண்டும். வெட்டுவதானால் கம்பியில்லாத மெல்லிய மெழுகுத் தாள் போடுங்கள். செப்டம்பர் நடுவில் இறக்கி, 2 கிலோ சர்க்கரைக்கு 1.2 லிட்டர் தண்ணீர் என்று பாகு கொடுங்கள். குளிருக்கு 18–20 கிலோ சேமிப்பு வேண்டும். அக்டோபர் குளிரில் பாகை வற்றவைக்க அவற்றால் முடியாது, அது புளித்துப்போகும்.