எக்ஸிலிருந்து 3-ஐக் கழித்தால் வரைபடம் ஏன் வலப்பக்கம் போகிறது? சார்புகள் பற்றிய கேள்வி பதில்

சார்புகளும் வரைபடங்களும் பாடத்தில் வந்துவிட்டால் வீட்டுப்பாடக் கேள்விகள் குவியும். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். விடையை மட்டும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்த வரியில் சிக்கினோம் என்று எழுதியவர்களுக்குத்தான் முதலிடம்.

கேள்வி: அக்கா, எஃப்(எக்ஸ்) என்றால் எஃப்பை எக்ஸால் பெருக்குவதா? அப்படியானால் எஃப்(எக்ஸ் + 2) என்பதை எஃப்(எக்ஸ்) + எஃப்(2) என்று பிரிக்கலாமே?

பெருக்கல் இல்லை. பெருக்கலுக்கும் அதே அடைப்புக்குறி, சார்புக்கும் அதே அடைப்புக்குறி என்பதால் வந்த வினை இது. ஆய்லர் 1734-இல் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தினார். இன்றுவரை அதுதான் நிற்கிறது. எஃப் என்பது ஒரு விதியின் பெயர். அடைப்புக்குள் இருப்பது அந்த விதிக்குள் போகும் எண்.

பிரிக்கலாமா என்பதற்கு என்னைக் கேட்க வேண்டியதே இல்லை, எண்ணைப் போட்டுப் பாருங்கள். எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1 என்று வைத்துக்கொள்வோம். எஃப்(3 + 2) என்பது எஃப்(5), அதாவது 26. எஃப்(3) + எஃப்(2) என்றால் 10 + 5 = 15. ஒத்துவரவில்லை. ஒரு விதியைப் பொய்யாக்க ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும்.

கேள்வி: எக்ஸ் = ஒய்² சார்பு இல்லை என்று விடைத்தாளில் இருக்கிறது. ஆனால் ஒய் = √எக்ஸ் சார்பு என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? √9 என்றால் 3, −3 இரண்டும் வருமே?

இரண்டும் ஒன்றில்லை. √ குறி குறை எண்ணைத் தருவதே இல்லை. √9 என்றால் 3 மட்டும்தான். “எந்த எண்ணின் வர்க்கம் 9?” என்று கேட்டால்தான் இரண்டு விடை. எக்ஸ் = ஒய்² கேட்பது அந்தக் கேள்வியைத்தான். எக்ஸ் 9 ஆக இருக்கும்போது ஒய் 3 ஆகவும் இருக்கலாம், −3 ஆகவும் இருக்கலாம். சார்பில் ஓர் உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடுதான் இருக்க வேண்டும். படத்தில் எக்ஸ் = 9 என்ற இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள், வளைவை இரண்டு இடத்தில் வெட்டும். படுத்துக் கிடக்கும் அந்தப் பரவளையத்தின் மேல் பாதிதான் √எக்ஸ்.

கேள்வி: (எக்ஸ் − 3)² வரைபடம் வலப்பக்கம் 3 நகர்கிறதாம். கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்? மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் ஏன் என்று புரியவில்லை.

இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடாமல் கேட்டீர்களே, அதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸ்² வளைவின் அடிப்புள்ளி எங்கே? உள்ளே 0 போகும்போது. இப்போது (எக்ஸ் − 3)² எடுத்துக்கொள்ளுங்கள். இதில் அடைப்புக்குள் 0 வர எக்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? 3. அப்படியானால் அடிப்புள்ளி 3-இல். எக்ஸ் 2 என்றால் 1 வரும், 4 என்றாலும் 1 வரும். பழைய வளைவு −1, 0, 1 ஆகிய இடங்களில் செய்ததைப் புதியது 2, 3, 4 ஆகிய இடங்களில் செய்கிறது. கழிப்பதால் இது மூன்று அலகு பின்தங்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் என்றால் வலப்பக்கம்.

அப்புறம் அடுத்த சந்தேகம் தானாக வரும்: எக்ஸ்² + 3 மட்டும் ஏன் கூட்டலுக்கு ஏற்றபடி மேலே போகிறது? 3-ஐ மறுபக்கம் கொண்டுபோய் ஒய் − 3 = எக்ஸ்² என்று எழுதிப் பாருங்கள். ஒய்யிலிருந்து 3 கழிகிறது, வளைவு ஒய் திசையில் 3 மேலே ஏறுகிறது. இரண்டு அச்சுக்கும் விதி ஒன்றுதான். நாம் ஒய்யைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்தி எழுதுவதால் மாறித் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதே பாடத்தில் ஒரு குழி உண்டு. (2எக்ஸ் − 6)² என்று கொடுத்தால் பலர் 6 நகர்த்திவிடுகிறார்கள். அடைப்புக்குள் 0 வருவது எக்ஸ் 3 ஆக இருக்கும்போது. 2-ஐ வெளியே எடுத்து 2(எக்ஸ் − 3) என்று எழுதிவிட்டால் நகர்வு 3 என்று கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்தோம். (2, 5), (−1, −4) இரண்டையும் இணைக்கும் கோட்டின் சாய்வு நாலு பேருக்கும் −9 வந்தது. விடைத்தாளில் 3. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. மேலே −4 − 5 = −9, சரி. கீழே −1 − 2 என்பது −3. அதை −1 + 2 என்று போட்டு 1 ஆக்கியிருக்கிறீர்கள். −9-ஐ −3-ஆல் வகுத்தால் 3.

ஒருவர் போட்டதை மற்ற மூவரும் பார்த்து எழுதினீர்களா? ஒரே தவறு நாலு பேருக்கும் தனித்தனியாக வருவது அபூர்வம். அடுத்த முறை தனித்தனியாகப் போட்டு, கடைசியில் விடைகளை ஒப்பிடுங்கள். முரண்படும் இடத்தில்தான் பேச விஷயம் இருக்கும். இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் போடாமலே சந்தேகம் வந்திருக்கலாம்: இடப்பக்கப் புள்ளி கீழே, வலப்பக்கப் புள்ளி மேலே. ஏறுகிற கோட்டுக்குக் குறைச் சாய்வு எப்படி வரும்?

கேள்வி: எக்ஸ்² − 6எக்ஸ் + 5 வரைந்தேன். ஆசிரியர் அடிப்பகுதியைச் சுழித்து “பரவளையம் இல்லை” என்று எழுதிவிட்டார். புள்ளிகள் எல்லாம் சரிதான்.

புள்ளிகள் சரிதான், ஸ்கேல் வைத்து இணைத்ததுதான் தவறு. (2, −3), (3, −4), (4, −3) மூன்றையும் நேர்கோட்டால் இணைத்தால் அடியில் கூர்முனை வரும். நடுவில் ஒரு புள்ளி சேருங்கள். எக்ஸ் 3.5 என்றால் −3.75. முனையிலிருந்து அரை அலகு நகர்ந்தும் ஏறியது கால் அலகுதான், அடுத்த அரை அலகில் முக்கால் ஏறுகிறது. அடி கிட்டத்தட்டப் படுத்திருக்க வேண்டும். கையால் வளைத்து வரையுங்கள்.

கேள்வி: (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3) என்பதைச் சுருக்கினால் எக்ஸ் + 3. செயலியிலும் நேர்கோடுதான் வருகிறது. பிறகு எதற்கு மதிப்பகத்தில் (எக்ஸுக்குப் போடக்கூடிய எண்களில்) 3 கூடாது என்கிறார்கள்?

சுருக்குவதற்கு முன்னால் 3-ஐப் போடுங்கள். 0/0. விதி அந்த இடத்தில் எண்ணே தரவில்லை. பிறகு சுருக்கினோம் என்பதற்காக அது பிழைத்துவிடாது. ஆகவே வரைபடம் எக்ஸ் + 3 என்ற கோடுதான், ஆனால் (3, 6) என்ற ஒரே புள்ளி மட்டும் இல்லை. தாளில் அங்கே சிறிய வெற்று வட்டம் போடுவது வழக்கம். செயலியில் தெரியாததற்குக் காரணம், ஒற்றைப் புள்ளிக்கு அகலமே கிடையாது. திரை எப்படிக் காட்டும்?

கேள்வி: மேடம், என் பையன் எல்லா வரைபடத்தையும் செயலியில் பார்த்துத்தான் எழுதுகிறான். தடுத்துவிடலாமா?

தடுக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் கையால் வரையட்டும், அப்புறம் செயலியில் சரிபார்க்கட்டும். எக்ஸ்² + 100 என்பதை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அச்சிலும் −10 முதல் 10 வரை மட்டும் காட்டும் திரையில் ஒன்றுமே தெரியாது. ஏன் என்று அவனே சொல்லிவிட்டால் கவலையில்லை.

கேள்வி: எஃப்-இன் மேல் −1 போட்டால் 1/எஃப் தானே?

இல்லை, அது நேர்மாறு. எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 3 என்றால் 5 உள்ளே போய் 13 வெளியே வரும். நேர்மாறு 13-ஐ வாங்கி 5-ஐத் திருப்பித் தர வேண்டும்: (13 − 3)/2 = 5. 1/13 எங்கும் வரவில்லை பாருங்கள்.

கேள்வி: எஃப்(ஜி(எக்ஸ்)) என்றால் இடமிருந்து வலமாக, முதலில் எஃப் செய்ய வேண்டுமா?

உள்ளே இருப்பது முதலில். எஃப் வர்க்கம் எடுக்கிறது, ஜி ஒன்று கூட்டுகிறது என்றால், 2-ஐப் போட எஃப்(ஜி(2)) 9 வரும், ஜி(எஃப்(2)) 5 வரும். உங்கள் மூன்றாவது கணக்கில் 5 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திரும்பப் போட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.