தம்பியின் கையெழுத்து மட்டும் போதாது, அவர் அறையில் கிடக்கும் என்ஜினும் வேண்டும்

கேள்வி: மாற்றியமைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவன் நான், ஊர் காரைக்குடி. பள்ளத்தூர் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் நின்ற 1969 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைப் பல வருடம் கேட்டுக் கேட்டு, போன ஆவணியில் 22 லட்சத்துக்கு வாங்கினேன். 9 லட்சம் பேங்க் வழியாக, மீதி ரொக்கம். விற்றவர் அந்த வீட்டு மூத்த மகன். ஆர்.சி. அவருடைய அப்பச்சி (அப்பா) பெயரில் இருக்கிறது, அப்பச்சி 1996-ல் காலமாகிவிட்டார். அப்பச்சி காலத்திலேயே கான்டெஸா காரின் இசுசு 1800 பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் ஏற்றியிருக்கிறார்கள், வண்டி பறக்கிறது. இப்போது இளைய மகன், தன்னைக் கேட்காமல் பொதுச்சொத்தை விற்றது செல்லாது, 15 நாளில் திருப்பித் தரவேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் என்னைத் திருட்டு வண்டி வாங்கியவன் என்றும் சொன்னார். தூக்கமே போய்விட்டது. மூத்தவர் மேல் மோசடிப் புகார், இளையவர் மேல் மானநஷ்ட வழக்கு, இரண்டையும் போடலாமா? அவர்களுக்கு ஈப்போவில் ஒரு சகோதரி இருக்கிறார், அவர் இதில் தலையிடவில்லை. பழைய என்ஜின் சாக்கு சுற்றி இளையவர் அறையில் கிடக்கிறது, அந்த இரும்பு எனக்குத் தேவையில்லை. மூத்தவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டையும் போடாதீர்கள். நோட்டீஸுக்கு மட்டும் கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் சுருக்கமாகப் பதில் போகட்டும், அதில் கதை வேண்டாம்.

கல்யாண வீட்டில் அவர் சொன்னது சுடும், புரிகிறது. ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தாலும் வண்டி உங்கள் பெயருக்கு வராது. எத்தனை வருடம் காத்திருந்தீர்கள், எத்தனை தடவை போய்க் கேட்டீர்கள், மூத்தவர் முகப்பில் உட்கார வைத்துக் காபி கொடுத்து என்னென்ன வாக்குக் கொடுத்தார், இது எதுவும் சட்டத்துக்கு முன்னால் நிற்காது. நிற்பது ஒன்றுதான்: வாங்கும்போது அது ஒருவர் தனியாக விற்கக்கூடிய வண்டி அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர், மற்றவர்கள் சம்மதத்தோடு பொருளைத் தன் கைவசம் மட்டும் வைத்திருந்து விற்றால், விற்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அந்தப் பொருள் போய்ச் சேரும். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28-வது பிரிவு இது. உங்களுக்கு இருந்த ஒரே கேடயமும் இதுதான். ஆனால் நீங்களே அனுப்பிய வாட்ஸ்அப் பக்கத்தில், அட்வான்ஸ் போடுவதற்கு முதல் நாள், "தம்பிக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். "அதை நான் பேசிக்கிறேன், நீங்க பணத்தைப் போடுங்க" என்று அவர் பதில் போட்டிருக்கிறார். நீங்கள் போட்டுவிட்டீர்கள். தம்பிக்கும் பங்கு இருக்கிறது, அவர் இன்னும் சரி சொல்லவில்லை என்று தெரிந்தே வாங்கியதாகத்தான் எந்த நீதிபதியும் இதைப் படிப்பார். கேடயம் போயிற்று.

அப்பச்சி சொந்தமாக வாங்கிய வண்டி, உயில் இல்லை, அவர் மனைவி ஆச்சியும் முன்பே போய்விட்டார் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. மூன்று பேர்! ஈப்போ சகோதரி தலையிடவில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், அவர் பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. ஆக, 22 லட்சம் கொடுத்து நீங்கள் நிச்சயமாக வாங்கியிருப்பது மூன்றில் ஒரு பங்கு.

இது வரைக்கும் உள்ள சிக்கல் பணத்தால் தீரும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு, புகார் கொடுக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே சொன்னதும் அதற்காகத்தான்.

உங்கள் ஆர்.சி. நகலைப் பாருங்கள். என்ஜின் 1296 சிசி, எண் எஃப்.டி. என்று தொடங்குகிறது. மூன்றாம் மார்க் (மூன்றாவது பதிப்பு) ஸ்பிட்ஃபயருக்கு உரிய எண்தான் அது. வண்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது இசுசு. இந்த ஊரில் கார் தெரிந்தவர்களுக்கு இது குற்றமாகத் தோன்றாது, அந்தக் காலத்தில் பாதி அம்பாசடரிலும் ஜீப்பிலும் யாரோ ஒருவர் வேறு என்ஜின் ஏற்றியிருப்பார். ஸ்பிட்ஃபயரின் சேஸி (அடிச்சட்டம்), சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு காரின் சேஸியிலிருந்து பிறந்தது என்பதால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அதன் அடிவயிறு நன்றாகவே தெரியும், சோழவரம் ரேஸ் காலத்திலிருந்து இப்படிக் கை வைத்துப் பழகியவர்கள் அவர்கள். மாற்றியவர் கை நல்ல கை என்று நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு அந்தக் கை முக்கியமில்லை. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது, அவ்வளவுதான். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. என்ஜின் கெட்டுப்போனால் அதே ரக என்ஜினை வைத்து, அனுமதியோடு பதிந்துகொள்ள வழி உண்டு. வேறு கம்பெனியின் பெரிய என்ஜினுக்கு அந்த வழி திறக்காது. அதே வருடம் வந்த திருத்தப்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதம் சின்ன விஷயம். நடப்பது என்ன என்று சொல்கிறேன், இந்தப் பாதையில் போய் நொந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏமாற்றிவிட்டார் என்று விற்றவர் மேல் புகார் கொடுப்பார்கள். போலீஸ் வண்டியைக் கொண்டு வரச் சொல்லும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பானெட்டைத் திறந்து எண்ணை ஒப்பிடுவார், பொருந்தாது. அந்த நிமிடத்தில் புகார் திரும்பிவிடும், இனிக் கேள்வி புகார் கொடுத்தவருக்குத்தான்: இந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, பில் எங்கே? உங்களிடம் பில் இல்லை, முப்பது வருடத்துக்கு முன் காயலான் கடையிலோ ஒர்க் ஷாப்பிலோ வாங்கியதற்கு யாரிடமும் இருக்காது. வண்டி கைப்பற்றப்பட்டு ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கும். ஒரு மழைக்காலம் போதும், துணிக் கூரை கிழிந்து தரைத்தகடு துருவேறிவிடும், அப்புறம் கார்புரேட்டர் காணாமல் போகும், மீட்டர்கள் போகும். அப்படி நின்ற ஒரு பழைய ஃபியட்டை, அது ரேஸுக்கென்று தயாரித்த வண்டி, கடைசியில் சேஸி எண் தகடு இருந்ததால்தான் அடையாளமே காட்ட முடிந்தது. வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் பூட்டிய கொட்டகைக்குள் மிஞ்சியிருக்கிற வண்டிகள் கொஞ்சம்தான், அவை பங்காளிச் சண்டையில் இப்படிச் சாகக்கூடாது.

கோர்ட்டில் மனுப் போட்டு எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு அழுகவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் வழக்கு முடியும் வரை வண்டியை என் பொறுப்பில் கொடுங்கள் என்று கேட்டுப் போகும்போது மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பது ஆர்.சி. யார் பெயரில் என்றுதான். உங்களுடையது காலமானவர் பெயரில் இருக்கிறது. நீங்கள் ஒரு மனு, தம்பி ஒரு மனு, சகோதரியின் பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்துக்கொண்டு இன்னொருவர் ஒரு மனு போடுவார், எல்லாம் முடிவதற்குள் வண்டி மிஞ்சாது. மோசடிப் புகாரில் இன்னொரு கதவும் திறக்கும். 13 லட்சம் ரொக்கமாகக் கை மாறியதை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கியதற்கு அதே அளவு அபராதம் அவருக்கு வரலாம், அவ்வளவு ரொக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களுக்கு வரும்.

இன்னொரு நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது, 50 வருடம் தாண்டிய வண்டிதானே, விண்டேஜ் பதிவு வாங்கி எண்ணில் வி.ஏ. எழுத்து போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று. 2021 ஜூலையில் வந்த விதியைப் படித்துப் பாருங்கள்: வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும், சேஸியிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. இசுசு உள்ளே இருக்கும் வரை அந்தக் கதவு உங்களுக்கு அடைப்புதான்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரிக்கு வருகிறேன். சாக்கு சுற்றிய இரும்பு, தேவையில்லை என்றீர்கள். ஐயா, அந்த 22 லட்சத்தில் சட்டப்படி மதிப்புள்ள பொருள் அதுதான். ஆர்.சி.யில் உள்ள எண் அந்த பிளாக்கில்தான் அடித்திருக்கிறது. அது உள்ளே ஏறினால் பதிவைப் புதுப்பிக்கலாம், பெயர் மாற்றலாம், விண்டேஜ் பதிவுக்கும் போகலாம். அது இல்லாவிட்டால் எந்த ஆர்.டி.ஓ. வாசலிலும் இந்த வண்டி ஏறாது. அது யார் பூட்டிய அறையில் இருக்கிறது? நீங்கள் வழக்குப் போட நினைக்கும் அதே மனிதரின் அறையில். மானநஷ்ட சம்மன் போய்ச் சேரும் அன்று மாலையே அதை எடைக்குப் போட்டுவிட்டார் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவருக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு உண்டு, திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது.

அதனால் சமாதானம் பேசுங்கள், கூடுதல் பணம் கொடுத்தாவது. மூன்றில் ஒரு பங்கு என்பது ஏழேகால் லட்சத்துக்குச் சற்று மேல். மூத்தவர் வாங்கிய தொகையிலிருந்து தம்பிக்கும் சகோதரிக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டியவர்தான், கொடுக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டே போங்கள். தம்பிக்கு மூன்று நான்கு லட்சம் நீங்கள் மேலே போடவேண்டி வரலாம். அநியாயம்தான், அதைப் பிறகு மூத்தவரிடம் தனியாக வசூலிக்கப் பாருங்கள். நீங்கள் நேரில் போகவேண்டாம், ஊரில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு பெரியவரை அனுப்புங்கள், கல்யாண வீட்டுப் பேச்சை அவர் எடுக்கவே கூடாது.

பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். கையெழுத்தும் பழைய என்ஜினும் ஒரே பேச்சில் முடியவேண்டும், ஒரே தாளில் எழுதப்பட வேண்டும். கையெழுத்து வாங்கிவிட்டு என்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு இரண்டாவது விலை ஒன்று வரும். பணம் எண்ணுவதற்கு முன் சாக்கை அவிழ்த்து, பிளாக்கின் இடது பக்கத்து எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிக்கும் அப்படியே. பணம் முழுவதும் பேங்க் வழியாகவே போகட்டும். சகோதரி கோலாலம்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷனில் சான்று பெற்று ஒரு பவர் அனுப்பட்டும். வாரிசுச் சான்றிதழும் மற்ற இருவரின் சம்மதமும் வைத்து, முதலில் மூத்தவர் பெயருக்கு 31-ம் படிவம் (உரிமையாளர் இறந்தபின் வாரிசு பெயருக்கு மாற்றுவது), பிறகு உங்கள் பெயருக்கு 29, 30 (விற்பனைக்குப் பின் பெயர் மாற்றுவது). ஆர்.சி. பழைய ராமநாதபுரம் மாவட்டக் காலத்தது, சிவகங்கை மாவட்டமே 1985-ல்தான் வந்தது, ஆகையால் கணினிப் பதிவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பதிவுக் கெடுவும் எப்போதோ முடிந்திருக்கிறது, புதுப்பிக்க ஆய்வு உண்டு, அதனால் என்ஜின் ஏறிய பிறகே வண்டி அங்கே போகவேண்டும்.

இசுசுவைக் கழற்ற மனசு வராது என்று தெரியும். தூக்கிப் போடாதீர்கள், கழற்றிப் பத்திரமாக வையுங்கள், எப்போது யார் ஏற்றியது என்று மூத்தவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வேகம்தான் வேண்டும் என்றால் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே வேறொரு வண்டி தயார் செய்து, லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டு போங்கள்.

அது வரைக்கும் இந்த ஸ்பிட்ஃபயரை ரோட்டில் எடுக்காதீர்கள், திருப்பத்தூர் ரோட்டில் விடிகாலை ஒரே ஒரு ரவுண்டு என்றுகூட வேண்டாம். பின் சக்கரத்தின் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு, வளைவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரத்தை உள்ளே மடக்கும் குணம் கொண்டது. 75 குதிரைத் திறனுக்குச் செய்த வண்டியில் அதைவிடப் பெரிய என்ஜின் இருக்கிறது. யாராவது அடிபட்டால் பதிவு இல்லை, உரிமையாளர் உயிரோடு இல்லை, என்ஜின் வேறு, இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். இழப்பீடு முழுவதும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உங்கள் தலையில்தான் விழும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், சாவியை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இந்த வாரமே அந்தப் பெரியவரைப் பள்ளத்தூருக்கு அனுப்புங்கள்.