எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி: சேரப்போகிறவர்கள் கேட்டவை

(பதில் சொல்பவர், தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். (அறுவை சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு) முடித்த அறுவை சிகிச்சை மருத்துவர்.)

அக்கா, முதல் வருஷம் கத்தியைத் தொடவே விடமாட்டார்கள் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மைதான் தம்பி. சீழ்க்கட்டியைக் கீறுவது, கொழுப்புக்கட்டி எடுப்பது, சர்க்கரை நோயாளியின் காலில் அழுகிய சதையை அகற்றுவது, இவைதான் முதலில் கைக்கு வரும். அப்பெண்டிக்ஸ், ஹெர்னியா எல்லாம் சீனியர் பக்கத்தில் நிற்க, போகப்போகக் கிடைக்கும். மற்றபடி வார்டுதான் உன் இடம். சீஃப் (யூனிட்டின், அதாவது உன் மருத்துவர் குழுவின் தலைவர்) ரவுண்ட்ஸ் வருவதற்குள் டிரெஸ்ஸிங் முடிந்திருக்க வேண்டும். டிரெயினில் (உள்ளே சேரும் கசிவை வெளியேற்ற வைத்த குழாயில்) எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம், சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

இதை எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதே. குடலை வெட்டித் தைத்த நோயாளி, ஐந்தாம் நாள் காலை. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. நாடித்துடிப்பு மட்டும் 90-லிருந்து 120-க்கு ஏறியிருக்கிறது. தையல் கசிகிறது என்பதற்குப் பல நேரம் அதுதான் முதல் தடயம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர், விடியற்காலையில் அவர் கையைப் பிடித்துப் பார்க்கும் முதலாண்டு பி.ஜி. (முதுநிலை மாணவர்)தான். அந்தப் பழக்கம் வராமல் கை மட்டும் தேறினால் போதாது.

மேடம், ஒன்றரை நாள் தொடர்ச்சியாக ட்யூட்டி என்பது நிஜமா? விதி ஏதும் இல்லையா?

அட்மிஷன் நாள் (உங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் நாள்) காலையில் உள்ளே போய், ராத்திரி முழுக்க அவசர கேஸ் பார்த்து, மறுநாள் ரவுண்ட்ஸும் முடித்துவிட்டு மாலையில் வெளியே வருவது பல இடங்களில் இன்னும் நடக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை, வாரம் ஒரு நாள் ஓய்வு (வேலை நெருக்கடி இல்லாவிட்டால்), வருஷத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்கிறது. வேலை நேரத்தைப் பற்றி மட்டும் ‘நியாயமான’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. இங்கேயும் அப்படி ஓர் எண் வேண்டும். தூக்கமில்லாத மருத்துவரால் நோயாளிக்கும் ஆபத்து என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ட்யூட்டி முடிந்த கையோடு பைக் ஓட்டாதீர்கள். ஹாஸ்டலில் படுத்து எழுந்துவிட்டு ஊருக்குப் போங்கள்.

எங்கள் மகள் சர்ஜரிதான் வேண்டும் என்கிறாள். பெண்ணுக்கு ஒத்துவருமா, டாக்டர்?

ஒத்துவரும் ஐயா. கஷ்டம் இருபாலருக்கும் ஒன்றுதான். கல்யாணப் பேச்சை மட்டும் அவள் சொல்லும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீசிஸை (ஆய்வேட்டை) எப்போது தொடங்கலாம்?

சேர்ந்தவுடனே. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பித்தாக வேண்டும். உங்கள் யூனிட்டுக்கு வாராவாரம் வருகிற நோயாகப் பார்த்து எடுங்கள். அரசு மருத்துவமனையில் டயபடிக் ஃபுட்டுக்கு (சர்க்கரை நோயால் வரும் கால் புண்ணுக்கு) பஞ்சமே கிடையாது. அபூர்வ நோயை எடுத்தால் கேஸ் சேராமல் கடைசி வருஷம் திண்டாட வேண்டியிருக்கும்.

மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று மாதம் அனுப்புகிறார்களே, வீண்தானே?

மூன்றாவது முதல் ஐந்தாவது செமஸ்டருக்குள் வரும் அந்த மூன்று மாதம் வீண் இல்லை. அங்கே வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிற பி.ஜி.க்கள் குறைவு. ஹெர்னியா, ஹைட்ரோசீல் (விரைவீக்கம்) போன்றவற்றில் நன்றாகக் கை பழகலாம்.

அப்படியானால் எந்தக் கல்லூரியை எடுக்கலாம், அக்கா?

கல்லூரியின் பெயரை வைத்து முடிவு செய்யாதே. இப்போது அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறவரைத் தேடிப் பிடித்துக் கேள்: "ராத்திரி குடலில் ஓட்டை விழுந்த கேஸ் வந்தால் யார் செய்வார்கள்? அசிஸ்டென்ட் (உதவிப் பேராசிரியர்) கூட நின்று சொல்லித் தருவாரா, இல்லை போனில் மட்டும்தானா?" கேஸ் குவிந்தும் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தைவிட, கொஞ்சம் கேஸ் குறைந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு வந்து எதிரே நிற்கிற அசிஸ்டென்ட் உள்ள இடத்தைத்தான் நான் சொல்வேன்.